பாட்டு யார் வீட்டில் இருக்கிறது?

வீட்டுக்கு எந்த மியூசிக் சர்வர் வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்ககிட்ட பாட்டு இருக்கா?" என்றுதான். கேட்டவருக்குச் சிரிப்பு வரும். "என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க, கோடிக்கணக்குல இருக்கே" என்று கைப்பேசியை எடுத்துக் காட்டுவார். மாதச் சந்தா கட்டும் செயலி ஒன்று அதில் இருக்கும். அதில் அவருடைய பாட்டு என்று ஒன்றுகூட இருக்காது.

இதை வார்த்தை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. சந்தா நின்ற மறுமாதம் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இருபது வருஷம் குடியிருந்தாலும் வீடு நம் பெயருக்கு மாறாது என்பதைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அது நமக்கு நன்றாகவே புரிந்தது. பாட்டு விஷயத்தில் மட்டும் அதே ஏற்பாட்டுக்கு 'வசதி' என்று பெயர் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

மியூசிக் சர்வர் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாட்டுக் கோப்புகள் உள்ள ஒரு ஹார்ட் டிஸ்க். அவற்றை வரிசைப்படுத்தி வீட்டு வைஃபை வழியாக ஸ்பீக்கருக்கோ கைப்பேசிக்கோ அனுப்பும் ஒரு சின்னக் கணினி. அதில் ஓடும் ஒரு மென்பொருள். அவ்வளவுதான். ஆனால் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் பெட்டியில்தான் தொடங்குகிறார்கள். எந்த நிறுவனம், எவ்வளவு விலை, முகப்பு அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று விசாரிக்கிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். கோப்பு முதலில். கோப்பின் மேல் எழுதும் பெயர்ச்சீட்டு இரண்டாவது. நகல் மூன்றாவது. பெட்டி கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கி விற்பவர்களிடம்தான் நம் காசும் போகிறது, பாட்டும் போகிறது.

முதலில் வாடகைக் கட்சியைப் பார்ப்போம். "எல்லாமே அதுல இருக்குங்க, எதுக்கு வீட்ல வேற வச்சுக்கிட்டு?" என்பது அவர்களுடைய வாதம். எல்லாம் இருப்பதில்லை. இருப்பதும் இருந்துகொண்டே இருப்பதில்லை. 2019ல் ஸ்போட்டிஃபை இந்தியாவில் கடை திறந்த கொஞ்ச நாளிலேயே சரிகம நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. சரிகம சாதாரண ஆள் இல்லை, எச்.எம்.வி. முத்திரையோடு நம் தாத்தா காலத்து இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியின் இன்றைய பெயர். அதன் பாடல்கள் அந்தச் செயலியிலிருந்து இறக்கப்பட்டன. 2020ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்தன. 2023ல் ஜீ மியூசிக் பாடல்களுக்கும் அதே கதி. இரண்டு கம்பெனிகள் பணம் பேசி முடிக்காததற்கு நம் வீட்டில் பாட்டு நின்றது. சந்தா மட்டும் நிற்கவில்லை.

புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கதை முன்பே தெரியும். 2009ல் அமேசான் தன் வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளுக்குள் புகுந்து, அவர்கள் காசு கொடுத்து வாங்கிய நூல்களை அழித்தது. அழிந்தவை ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை'. விற்றவருக்கு உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அச்சுப் புத்தகத்தில் அப்படி ஒரு தகராறு வந்தால் கடைக்காரர் நம் வீட்டு அலமாரியைத் திறந்து எடுத்துப் போவாரா? அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்த இலக்கிய வாசகர்கள்தான் இன்று தங்கள் மொத்த இசையையும் அதே மாதிரி ஓர் ஏற்பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

"நான் சொந்தமா ஏத்தி வச்சிருக்கேன், மேகத்துல பத்திரமா இருக்கு" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. கூகுள் பிளே மியூசிக் என்று ஒன்று இருந்தது. சொந்தப் பாட்டுகள் 50,000 வரை ஏற்றி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2020ல் மூடிவிட்டார்கள். இன்னொரு சேவைக்கு மாற்றிக்கொள்ளக் கெடு கொடுத்தார்கள். கெடுவைக் கவனிக்காதவர்களின் பாட்டு அழிந்தது. மைஸ்பேஸ் கதை இன்னும் மோசம். 2015 வரை கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றத்தில் போய்விட்டன என்று 2019ல் சாவகாசமாகத் தெரிவித்தார்கள். போனது 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று செய்திகள் சொல்லின. உலகத்தின் சின்னச் சின்ன ஊர்களில் இசைக்குழு வைத்திருந்த பிள்ளைகளின் முதல் பதிவுகள் அவை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான். ரஹ்மானும் ராஜாவும் எங்கும் போய்விட மாட்டார்கள். அவர்களைக் காக்கக் கம்பெனிகளும் வழக்கறிஞர்களும் கோடிக்கணக்கான ரசிகர்களும் இருக்கிறார்கள். மலேசியத் தமிழ்ப் பாடல்களுக்கு யார் இருக்கிறார்கள்? 2006ல் வந்த யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' தமிழ்நாடு வரைக்கும் போனதால் தப்பித்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்த மண்ணில் வந்த கேசட்டுகளை எண்ணிப் பாருங்கள். உள்ளூர் இசைக்குழுக்கள் கைக்காசு போட்டு வெளியிட்ட ஆல்பங்கள், கோயில் திருவிழாவுக்கென்று பதிவு செய்த பக்திப் பாடல்கள், நாடகப் பாடல்கள், வானொலிக்குப் பாடிக் கொடுத்த மெல்லிசை. மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கேசட் கடைகளில் வாங்கியவை. அந்தக் கடைகளில் பல இன்று கைப்பேசி உறை விற்கின்றன.

இவற்றைச் செயலியில் ஏற்றினால் போதும் என்பார்கள். ஏற்றுவது இலவசம் இல்லை. பல விநியோக நிறுவனங்களில் கலைஞர் வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும். வரும்படியைப் பற்றிக் கேட்டால், 2024 முதல் ஸ்போட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கு ஒரு காசும் கிடையாது. பூச்சோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கும் ஒரு பாடகர், ஐம்பத்தைந்து வயதில், இருபது வருஷத்துக்கு முந்தைய தன் ஆல்பத்துக்கு வருஷா வருஷம் கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பாரா? அவர் காலத்துக்குப் பிறகு யார் கட்டுவார்கள்? அந்த ஆல்பத்தின் ஒரே பாதுகாப்பான இடம், அதை வாங்கியவர்களின் வீடு. அதாவது உங்கள் வீடு.

செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிய பாட்டைத் தேடிக் கேட்க அதைவிட நல்ல வழி இல்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பதை யாராவது குறை சொல்வார்களா? ஆனால் பொது நூலகம் இருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறவரை என்னவென்று சொல்வது? சிடிகளையும் கேசட்டுகளையும் பெட்டி பெட்டியாகக் குப்பையில் போட்ட வீடுகள் நம்மிடையே ஏராளம்.

இரண்டாவது கட்சி, காது வியாபாரிகள். வாடகைக் கட்சி நம் சோம்பலில் பிழைக்கிறது. இவர்கள் நம் பயத்தில் பிழைக்கிறார்கள். 'உங்கள் காதுக்கு நல்ல ஒலி இதுவரை எட்டவே இல்லை' என்ற பயம். சர்வருக்கென்று இருபதாயிரம் வெள்ளிப் பெட்டி, அதற்குத் தனி மின்சாரப் பெட்டி, அதை இணைக்க ஆயிரம் வெள்ளி நெட்வொர்க் கேபிள், இசைக்கென்றே செய்த நெட்வொர்க் சுவிட்ச். கடைக்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே, "கேளுங்க, மேடை எவ்வளவு அகலமாச்சு பாருங்க" என்பார். ஆமாம் சொல்லாதவன் செவிடன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிடியில் ஒலி வினாடிக்கு 44,100 முறை, 16 பிட் ஆழத்தில், இரண்டு தடங்களில் அளக்கப்படுகிறது. பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 14 லட்சம் பிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் உயர்தரக் கோப்புக்குக்கூட வினாடிக்கு 92 லட்சம் பிட்தான். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய நெட்வொர்க் கம்பியின் வேகம் வினாடிக்கு 10 கோடி பிட். வழியில் ஏதாவது தொலைந்தால் கணினி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். இதே கம்பி வழியாகத்தான் உங்கள் வங்கிக் கணக்கின் எண்களும் வந்து போகின்றன. மலிவான கம்பியால் இருப்புத் தொகையில் ஒரு சுழியம் மங்கலாகத் தெரிந்தது என்று யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா? பிறகு பாட்டுக்கு மட்டும் எப்படி ஐயா மங்கும்?

44,100 முறை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அதில் அடங்கும். மனிதக் காதின் எல்லை 20,000. அதுவும் இளம் வயதில். இந்தப் பெட்டிகளை வாங்க வசதி வருகிற வயதில் பலருக்கு 15,000க்கு மேல் கேட்பதே சிரமம். 2007ல் மேயரும் மொரானும் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர ஒலியை நேராகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். 2016ல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் 52.3 விழுக்காடு வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆகவே வித்தியாசமே இல்லை என்று நான் அடித்துப் பேசவில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இருபதாயிரம் வெள்ளி கொடுப்பவர், அதே வரவேற்பறையில் வெறும் சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் பாட்டைக் கொன்றுகொண்டிருப்பதைக் கவனிக்கவில்லையே என்றுதான் சொல்கிறேன். ஒரு கனமான திரைச்சீலையும் தரை விரிப்பும் செய்கிற வேலையை எந்த சர்வரும் செய்யாது. காசு இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள்.

இந்த வியாபாரத்தின் உச்சம் எம்.க்யூ.ஏ. 2014ல் மெரிடியன் நிறுவனம் கொண்டுவந்தது. ஸ்டூடியோவில் இருந்த ஒலியை அப்படியே மடித்துச் சின்னக் கோப்பில் தருகிறோம் என்றார்கள். டைடல் சேவை 2017ல் அதை எடுத்துக்கொண்டது. அதைப் பிரித்துக் கேட்க உரிமம் பெற்ற கருவி வேண்டும் என்று கருவிகளும் விற்கப்பட்டன. அது உண்மையில் தகவலை இழக்கும் முறை என்று பொறியியலாளர்கள் சொன்னபோது, காதில்லாதவர்கள் என்று கேலி செய்தார்கள். 2023ல் நிறுவனம் நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. 2024ல் டைடல் அதைக் கைவிட்டு ஃப்ளாக்குக்கு மாறியது. ஃப்ளாக் 2001ல் வந்தது. இலவசம். ஒரு பிட்டும் இழக்காமல் சிடியைச் சுமார் பாதி அளவுக்குச் சுருக்கும். யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். விளம்பரம் இல்லாததால் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆக, கோப்பு என்றால் ஃப்ளாக். ஆயிரம் சிடி வைத்திருப்பவருக்குக்கூட ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் பாதி நிரம்பாது. எம்பி3 போதாதா என்றால், 320 கிலோபிட் எம்பி3யைப் பெரும்பாலோர் காதால் பிரித்தறிய முடியாதுதான். ஆனால் எம்பி3 தூக்கி எறிந்த தகவல் திரும்ப வராது. நாளைக்கு வேறு வடிவத்துக்கு மாற்றினால் மேலும் இழக்கும். தவிர, எம்பி3 ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். சினிமாப் பாட்டுக்கு அது தெரியாது. ராகம், தானம், பல்லவி என்று மூன்று தடமாக வெட்டிய கச்சேரி சிடியில், தானம் முடிந்து பல்லவி எடுக்கிற இடத்தில் விக்கல் மாதிரிக் கேட்கும்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு சோதனை. இதை விற்ற கம்பெனி நாளைக்கு மூடினால், நாளை மறுநாள் என் வீட்டில் பாட்டு கேட்குமா?

சோனோஸ் நல்ல ஸ்பீக்கர் செய்கிற நிறுவனம். 2024 மே மாதம் தன் செயலியை அடியோடு மாற்றியது. வீட்டு ஹார்ட் டிஸ்கில் உள்ள பாட்டைத் தேடும் வசதி உட்படப் பல வசதிகள் ஒரே இரவில் காணாமல் போயின. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்கள் கத்தினார்கள். 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். ரூன் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அழகானது, படித்துக்கொண்டே கேட்கலாம்; ஆயுள் உரிமம் 800 அமெரிக்க டாலருக்கு மேல். 2022ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, வீட்டுக்குள் இருக்கும் பாட்டைக் கேட்கவும் இணையம் வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்த பிறகு இறங்கி வந்தார்கள். 2023ல் சாம்சுங்கின் ஹர்மான் அதை வாங்கியது. ஆயுள் உரிமம் என்பது யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

மறுபக்கம் ஸ்குவீஸ்பாக்ஸ். ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பெனி செய்தது. 2006ல் லாஜிடெக் வாங்கியது. 2012ல் உற்பத்தியை நிறுத்தியது. 2024ல் அதன் இணையச் சேவையும் மூடப்பட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சர்வர் மென்பொருள் தொடக்கத்திலிருந்தே திறந்த மூலம் என்பதால், பயன்படுத்துகிறவர்களே அதை எடுத்து வளர்த்தார்கள். இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் ஓடுகிறது. தயாரித்த கம்பெனி கைவிட்ட கருவிகள் இன்னமும் பாடுகின்றன. நேவிட்ரோம், ஜெல்லிஃபின் என்று இதே மாதிரி இன்னும் சில உண்டு. எல்லாம் இலவசம். இவற்றில் எதை ஓட்டவும் புதுப் பெட்டி தேவையில்லை. அலமாரியில் தூங்கும் பழைய மடிக்கணினி போதும். அதுவும் இல்லையென்றால் உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை. 5 வாட் இழுக்கிறது என்று வைத்தால் இரவு பகலாக ஓடினாலும் மாதம் 4 யூனிட்டுக்குக் குறைவு. அமைக்கத் தெரியாதா? வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு சனிக்கிழமை. அந்தப் பிள்ளையும் இல்லை, வம்பே வேண்டாம் என்பவர் சினாலஜி, க்யூநாப் மாதிரி ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கிக்கொள்ளட்டும், தவறில்லை. கோப்புகள் சாதாரணக் கோப்புகளாக, பெட்டி போனாலும் வேறு கணினியில் திறக்கும்படி இருந்தால் போதும்.

மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. மேலே உள்ளதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். "என்கிட்ட நாலு டெராபைட் இருக்கு" என்று மார்தட்டுவார்கள். திறந்து பார்த்தால், 'தடம் 01', 'தடம் 02', 'புதிய கோப்புறை', 'புதிய கோப்புறை 2'. பாடியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு வலைத்தளத்தின் முகவரி. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பசார் மாலாமில் ஒரே சிடியில் 150 பாட்டு என்று வாங்கிக் குவித்த பழக்கத்தின் மிச்சம் இது. ஒரு பாட்டின் மேல் இருந்த பெயர்களையெல்லாம் உரித்துவிட்டு வெறும் ஓசையை மட்டும் விற்றார்கள், நாம் வாங்கினோம். கலைஞனுக்குப் போக வேண்டிய காசு போகவில்லை என்பது ஒரு நஷ்டம். அவன் பெயரும் போய்விட்டது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பெயர்ச்சீட்டு விஷயத்தில் சந்தா செயலிகளும் யோக்கியம் இல்லை. மேற்கத்திய இசைக்கென்று செய்த அமைப்பு அது: கலைஞர், ஆல்பம், பாட்டு. நம் சினிமாப் பாட்டில் கலைஞர் யார்? பாடியவரா, இசையமைத்தவரா, எழுதியவரா? செயலிக்குச் செயலி ஒரு பதில். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'எல்' போட்டு ஒரு இடத்தில், இரண்டு 'எல்' போட்டு இன்னொரு இடத்தில், 'ஏ'யை இரட்டித்து வேறொரு இடத்தில் எழுதி, ஒரே மனிதரைப் பல பேராக்கி வைத்திருக்கிறார்கள். பாடலாசிரியரின் கதி இன்னும் பரிதாபம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில், 1959ல் இறந்துபோனார். அவர் எழுதியதையெல்லாம் வரிசையாகக் கேட்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், எந்தச் செயலி அதை ஒழுங்காகத் தரும்? யாரோ தொகுத்த பட்டியலில் அவர் பாட்டும் இருக்கும், அவர் எழுதாததும் இருக்கும். இலக்கிய வாசகர்களுக்கு இது உறுத்த வேண்டாமா? ஆசிரியர் பெயர் இல்லாத கவிதைத் தொகுப்பை நாம் கையால் தொடுவோமா?

சொந்த சர்வரில் இந்த அதிகாரம் நம்மிடம் வருகிறது. ஃப்ளாக் கோப்பின் பெயர்ச்சீட்டில் தமிழ் எழுத்து ஒருங்குறியில் அப்படியே ஏறும். நமக்கு வேண்டிய தலைப்பை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். பாடலாசிரியர், ராகம், தாளம், வயலின், மிருதங்கம், பதிவான ஆண்டு, வாங்கிய கடை, எதையும் எழுதலாம். சஹானா என்று தேடினால் வீட்டில் உள்ள சஹானாவெல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும்படி செய்யலாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குப் பக்கத்தில் வேறு யாருடைய தோடியை வைத்துக் கேட்பது என்பதை ஒரு கணக்கு நிரல் முடிவு செய்ய வேண்டியதில்லை. பழைய கோப்புகளில் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். ஒருங்குறிக்கு முந்தைய திஸ்கி மாதிரிக் குறியாக்கத்தில் யாரோ பொறுமையாகத் தட்டியிருக்கக்கூடும், மாற்றி மீட்கலாம்.

"இதுக்கெல்லாம் யாருக்குங்க நேரம் இருக்கு?" என்ற கேள்வி வரும். வேலை உண்டுதான். சிடியைக் கணினிக்கு ஏற்றும் நல்ல மென்பொருள்கள், நம் பதிவை உலகத்தில் பிறர் எடுத்த பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும். நம் உள்ளூர் சிடிகளுக்கு ஒப்பிட ஆளிருக்காது. இரண்டு தடவை எடுத்து இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கேசட்டுக்குக் குறுக்குவழியே இல்லை. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தலையைத் துடைத்து, அதன் கோணத்தைச் சரிசெய்து, இரைச்சல் நீக்கும் விசைகளை எல்லாம் அணைத்து, உள்ளது உள்ளபடி 24 பிட்டில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்வதைப் பிறகு நகலில் செய்யலாம்; மூலத்தில் கை வைக்கக்கூடாது. பதிவு முடிந்ததும் அட்டையில் உள்ள பெயர்களைத் தட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு கேசட் என்றால் வருஷத்துக்கு ஐம்பது. தொடர் நாடகத்துக்கு நாம் கொடுக்கும் நேரத்தில் இது எம்மாத்திரம்?

நம் ஊர்க் காற்று காத்திருக்காது. இந்த ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், அட்டை நைந்துபோகும், மலிவாகச் செய்த சிடியில் ஓட்டை விழும். மழைக்காலச் சாயங்காலத்தில் ஒரு இடி இறங்கினால் சர்வரும் அதில் உள்ள இரண்டு ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தே போகும். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்கில் எழுதுவதை நகல் என்று நினைத்துக்கொள்பவர்களுக்குச் சொல்கிறேன்: இடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மின்தாங்கி ஒன்று வையுங்கள். ஒரு நகலைத் தனி டிஸ்கில் எடுத்து மின்சாரத்திலிருந்து கழற்றி வையுங்கள். இன்னொன்றை அண்ணன் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஏட்டுச்சுவடி காலத்தில் பூட்டி வைத்தவன் வீட்டில் கரையான்தான் மிஞ்சியது. படி எடுத்துக் கொடுத்தவனால்தான் நூல் நின்றது. ஹார்ட் டிஸ்குக்கும் அதே நியாயம்தான்.

இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, அமைப்புகள் செய்ய வேண்டிய வேலை என்பார்கள். செய்யட்டும். சிங்கப்பூரில் 2015ல் ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்கினார்கள். தேசிய நூலக வாரியமும் தொண்டூழியர்களும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அந்த வேலை தொடங்குவதற்கு யார் வீட்டு அலமாரியிலாவது அந்தப் புத்தகம் இருந்திருக்க வேண்டும். நாளைக்கு மலேசியத் தமிழ் இசைக்கு அப்படி ஒரு திட்டம் வந்து, "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், சந்தா ரசீதையா நீட்டப் போகிறோம்?

சர்வர் வாங்குவதைப் பற்றி இனி யாராவது கேட்டால் என் பதில் சுருக்கமானது. இந்த வாரம் பெட்டி எதுவும் வாங்காதீர்கள். கட்டிலுக்கடியில், பரணில், அம்மா வீட்டு அலமாரியில் கிடக்கும் உள்ளூர்க் கேசட் ஒன்றை எடுங்கள். வேறு எங்கும் கிடைக்காத ஒன்றாகப் பார்த்து எடுங்கள். அதைக் கோப்பாக்கி, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், ஊர், ஆண்டு என்று முழுப் பெயர்ச்சீட்டு எழுதி, மூன்று நகல் எடுங்கள். அந்தக் கோப்பை எதில் வைத்துக் கேட்பது என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். அதற்குப் பழைய மடிக்கணினியே பதில் சொல்லிவிடும். கேசட் பிளேயரின் ரப்பர் பெல்ட் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதற்குத்தான் எவரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.